பொன்னுருக்குக்கு வந்த ஐந்து டொலர்

தட்டில் இருப்பது பவுண் இல்லை. வெற்றிலையின் மேல், மஞ்சளில் பிடித்த பிள்ளையாருக்குப் பக்கத்தில், செவ்வரத்தம்பூ இதழ் ஒன்று பாதி மூடியபடி கிடப்பது என்னுடைய அமெரிக்க ஐந்து டொலர் தங்கக் காசு. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் அதுதான். பவுண் என்றால் விளிம்பு உயர்ந்திருக்கும், ராசாவின் தலை மேடாக எழும்பி நிற்கும், வெளிச்சம் அதில் தடுக்கி விழும். இதில் எதுவும் எழும்பி நிற்பதில்லை. இறகுத் தொப்பி போட்ட செவ்விந்தியனின் முகம், நட்சத்திரங்கள், ஆண்டு, எல்லாம் காசுக்குள்ளே இறங்கிப் பள்ளத்தில் கிடக்கும், மேலே வயல்வெளி மாதிரி ஒரே மட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது, நியூ ஓர்லியன்ஸ் நாணயச்சாலை. அந்தச் சாலையில் இந்தக் காசை அந்த ஒரு வருடம் மட்டும்தான் அடித்தார்கள், அதோடு அங்கே காசு அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பின்பக்கத்தில் அம்புக்குப் பக்கத்தில் எறும்பின் தலை அளவில் ஓ என்று ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். அது இங்கிருந்து தெரியாது, தெரியத் தேவையும் இல்லை, பெற்ற பிள்ளையை முதுகுப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியாதா என்ன. கராஜின் மூலையில் நகை செய்கிற பத்தர் சிரட்டைக் கரியை மூட்டி விசிறிக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தத் தட்டு எல்லோரிடமும் போய் வந்து, கடைசியில் மாப்பிள்ளையின் தகப்பன் என்ற முறையில் நானே என் கையால் அந்தக் காசை எடுத்துப் பத்தரிடம் கொடுக்க வேண்டும், அவர் அதை உருக்குவார். எங்கள் ஆட்களின் கலியாணத்தில் தாலி அப்படித்தான் தொடங்கும். மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து, ஒரு பவுணைப் பிள்ளையாருக்கு முன் வைத்து, வந்தவர்கள் எல்லோரும் தொட்டு வாழ்த்தி, எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் உருக்கி, அந்தப் பொன்னில்தான் தாலி செய்ய வேண்டும். பொன் உருகிவிட்டால் கலியாணம் பாதி முடிந்த மாதிரி. அது சரி, உருகட்டும், ஆனால் இது பவுண் இல்லையே, நான் வாங்கி வைத்த பவுண் எங்கே?

மேலே, என் அலுமாரியில், பிஸ்கட் ரின்னுக்குள், சிவப்பு வெல்வெட் பையில் இருக்கிறது. நான்தான் வைத்தேன். என் பழைய காசுச் சேகரிப்பும் அதே ரின்னுக்குள்தான். மனைவி யோகத்திடம் சொன்னதும் நினைவிருக்கிறது, சவரம் செய்துகொண்டே, வாயெல்லாம் நுரையோடு, பவுண் ரின்னுக்குள்ள இருக்கு எடும் என்று. அந்த ரின்னுக்குள் பொன் நிறத்தில் வட்டமாகப் பல சாமான்கள் இருக்கின்றன என்பதும், அதில் ஒன்றுதான் பவுண் என்பதும், அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அது தோன்றவே இல்லை. முப்பது வருடம் ஒருவரோடு குடித்தனம் நடத்தினால் அவருக்கு நம் தலைக்குள் இருப்பதெல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பிறகு அவள் கதவடியில் வந்து நின்று, அந்தப் பெட்டியைத் திறக்க நான் பட்ட பாடு எனக்கெல்லோ தெரியும் என்றாள், நான் சேலைப் பெட்டியைச் சொல்கிறாள் என்று நினைத்து ம்ம் போட்டேன். சேலைப் பெட்டி இல்லை. பழைய காசுகளைப் பரிசோதித்து, தரம் சொல்லி, கண்ணாடி போன்ற கனத்த பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் அடைத்துத் தருகிற கம்பனிகள் இருக்கின்றன. என் ஐந்து டொலர் அப்படி அடைத்தபடியேதான் என்னிடம் வந்தது, இத்தனை வருடத்தில் நானே அதைத் தொட்டதில்லை. அதை எதனால் உடைத்தாள்? சுத்தியலா? சுத்தியல் என்றால் காசில் அடி பட்டிருக்குமே, விளிம்பில் ஒரு நெளிவு போதும், போச்சு. உருக்கப் போகிற காசில் நெளிவு விழுந்தால் என்ன விழாவிட்டால் என்ன என்று யாராவது கேட்கலாம், ஆனாலும் கழுத்தை நீட்டி விளிம்பைத்தான் பார்க்கிறேன்.

மாப்பிள்ளை, என் மகன் ஆரூரன், தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டான். பட்டு வேட்டிக்கு மேலே பனிக்காலத்து ஜாக்கெற், கீழே கம்பளிக் காலுறை. கனடாவில் சித்திரை மாதம் என்று பேர்தான், வெளியே இன்னும் பனி தூறுகிறது, பாதி திறந்த கராஜ் கதவுக்குக் கீழால் குளிர் காலைக் கடிக்கிறது. வீட்டுக்குள் வைக்கலாம் என்றால் புகை மணி அடிக்கும். போன வருடம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சரியாக நல்ல நேரத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்து நின்றது, பத்தரைப் பிடித்து விசாரித்தார்கள், அந்தக் கதையை ஸ்காபரோ முழுக்கச் சொல்லிச் சிரித்தோம், அதனால் கார் வெளியே, நாங்கள் உள்ளே, எஞ்சின் எண்ணெய்க் கறைக்கு மேல் கம்பளம், அதற்கு மேல் நிறைகுடம். தட்டு முதலில் துரைராசா அத்தானிடம் போகிறது. என் அக்காவின் புருசன், இந்தக் கூட்டத்தில் மூத்தவர், எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத மனிதர். தொட்டு வாழ்த்துங்கோ மாமா என்றான் ஆரூரன். விரல் நுனியால் தொட்டால் போதும். அத்தான் காசைக் கையில் எடுத்தார். பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவில், முகத்தின் மேல், அப்படியே அழுத்தி. ஐயோ அத்தான், விளிம்பில பிடியுங்கோ, விளிம்பில என்று மனதுக்குள் கத்தினேன். காசு சேர்க்கிறவன் முதல் நாள் படிக்கிற பாடம் அது, காசின் முகத்தை விரல் தொடக் கூடாது, தொட்ட ரேகை நாளடைவில் பொன்னில் கறையாகப் படியும், தேய்த்தால் இன்னும் மோசம். இவர் விரல் பட்டது போதாதென்று திருப்பி வேறு பார்க்கிறார். "மச்சான், இதில கருடன் எல்லே நிக்குது!" என்றார். கருடன் இல்லை அத்தான், கழுகு. "பவுணில கருடன் நிக்கிறதை நான் இண்டைக்குத்தான் காணுறன். நல்ல சகுனம். எங்க பிடிச்சனீ?" எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது சொல்லியிருக்கலாம். அத்தான், மாறிப்போச்சு, ஒரு நிமிசம் என்று சொல்லியிருக்கலாம். "பஃபலோவில" என்றேன். உண்மைதான், கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான், என் வாயை என்ன செய்தால் தகும்.

அமெரிக்கப் பக்கத்து பஃபலோ நகரில், ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில், நீட்டு மேசைகள் போட்டு வருடத்துக்கு ஒருமுறை காசுச் சந்தை வைப்பார்கள். ஆரூரன் அப்போது பள்ளிக்கூடப் பையன், சீனி பூசிய டோனட்டைத் தின்றுகொண்டே என் பின்னால் வந்தான், ஒவ்வொரு மேசைக்காரனும் அவனுடைய விரலைப் பார்த்துப் பயந்தான். அதற்கும் எத்தனையோ வருடம் முன்னால், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், காசு போட்டால் ஓடுகிற துணி தோய்க்கும் மெசின் கடை ஒன்றில்தான் எனக்கு முதல் வேலை. மெசின்களின் வயிற்றைத் திறந்து காசைக் கொட்டிப் பிரிக்க வேண்டும். கனடாக் காசுகளுக்குள் அமெரிக்கக் காசு கலந்து வரும், அதைத் தனியாக எடுத்து வைப்பேன், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படி வந்தது, யாருடைய சட்டைப் பையில் ஏறி வந்தது என்று யோசிப்பேன். எனக்கும் அந்தக் கேள்வி சொந்தமானதுதானே, நானும் எத்தனையோ பேருடைய கை மாறித்தான் இங்கே வந்து விழுந்தவன். அப்படித் தொடங்கியது, வெள்ளிக்குப் போய், தங்கத்தில் வந்து நின்றது. இந்த ஐந்து டொலரை வாங்கியதற்குக் காரணம் அதன் அழகு இல்லை. முப்பதுகளில் அமெரிக்க அரசாங்கம் தங்கக் காசை எல்லாம் கொண்டுவந்து தாருங்கள் என்று சட்டம் போட்டது. சனங்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், வாங்கியதை எல்லாம் உருக்கிக் கட்டி கட்டியாக வார்த்து அடுக்கிவிட்டார்கள். இது கொடுபடாத காசு. யாரோ ஒருவர், யாரென்று தெரியாது, ஒரு பெண்ணாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு, சீலைத் துணியிலோ மா ரின்னிலோ ஒளித்து வைத்துக் காப்பாற்றிய காசு. அதை விற்ற கிழவன் இதை எல்லாம் சொன்னபோது எனக்குப் பேரம் பேச வரவில்லை. உலையில் போகாமல் தப்பியது என்று அதன் மேல் ஒரு பாசம். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, யோகம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிற நேரம், ரின்னைத் திறந்து அதை எடுத்து விளக்குக்குக் கீழே பிடிப்பேன், நீ இருக்கிறாய், நான் இருக்கிறேன், போதும் என்று இருக்கும். அங்கே தப்பி வந்த உனக்கு இங்கே என் வீட்டுக் கராஜிலா உலை வைத்திருக்கிறது.

தட்டு அக்காவிடம் போய்விட்டது. பூமணி அக்கா தட்டைப் பிடித்துவிட்டால் இலேசில் விடமாட்டாள், எந்தச் சடங்கிலும் அழாமல் அவளுக்குத் திருப்தி வராது. காசைக் கையில் எடுத்தாள், கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள், சந்தனம் தோய்ந்த விரலால் முகத்தைத் தடவினாள். "இதார் தம்பி, தலையில இறகு வைச்சுக்கொண்டு?" நான் வாயைத் திறக்கும் முன் அவளே கண்டுபிடித்துவிட்டாள். "எட, வேட்டைத் திருவிழாவில வாற முருகன் மாதிரியெல்லே இருக்கு! முருகா!" என்று காசை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கண்ணீர் பட்டது. அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் முருகனோ, முருகனோ என்று எட்டிப் பார்த்தார்கள், முன் பக்கம் முருகன், பின் பக்கம் கருடன், இனி இந்தக் காசை மாற்ற வேண்டும் என்று சொல்ல எந்த நாக்கு எழும்பும்? இந்தக் காசு வெளியான காலத்தில் அமெரிக்காவிலேயே சிலர் முறைப்பாடு சொன்னார்களாம், பள்ளத்தில் செதுக்கினால் பள்ளத்துக்குள் அழுக்குச் சேரும், கைக்குக் கை நோய் பரவும் என்று. வாசித்தபோது சிரித்தேன். இப்போது இறகுகளுக்கு இடையில் சந்தனம், நட்சத்திரக் குழிகளில் குங்குமம், கழுத்துக்குக் கீழே அக்காவின் கண்ணீர். அவர்கள் சொன்னது அவ்வளவு பிழையில்லை. அக்காவைப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் இவள்தான் பக்கத்தில் இருந்து இப்படியே முருகா முருகா என்று அழுவாள், அழுகிற சத்தத்தில் எனக்கு நித்திரை வராது. சரி, தொடட்டும், அவளுக்கு இல்லாத உரிமையா. ஆனால் அழுத்தாதே அக்கா.

ஒரு வழி இருக்கிறது. ஒரு நிமிடம் உள்ளே போய், மேலே ஏறி, ரின்னைத் திறந்து, வெல்வெட் பையிலிருந்து பவுணை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வந்தால், தட்டிலிருந்து இதை எடுத்துப் பத்தரிடம் கொடுக்கிற அந்த நேரத்தில் கையை மாற்றிவிடலாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை, ஒரே அகலம். முருகன் போய் ராசா வந்ததை யார் கவனிக்கப் போகிறார்கள், பத்தருக்கு இதன் பிறகு மார்க்கம் நகரில் இன்னொரு பொன்னுருக்கு இருக்கிறது, கரியை விசிறுகிறாரோ மணிக்கூட்டைப் பார்க்கிறாரோ தெரியவில்லை. எழும்பினேன். "எங்க போறியள்?" யோகம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "குளிருது, சால்வை எடுத்துக்கொண்டு வாறன்." "இஞ்சேருங்கோ, தட்டுச் சுத்தி வரேக்க தேப்பன்காரன் எழும்பக் கூடாது. இருங்கோ." அவளே தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து என் மேல் போட்டாள். அதில் அவளுடைய பவுடர் வாசம். இருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்தால் என்ன என்றும் ஒரு நினைப்பு வந்தது. விழுந்தால் எல்லாம் நிற்கும், காசு தப்பும், ஆனால் பிள்ளை பயந்துபோவான், மருத்துவ வண்டி வரும், பொன்னுருக்கில் தகப்பன் விழுந்த கலியாணம் என்று காலமெல்லாம் பேச்சு நிற்கும். தவிர, நடிக்கப் போய் உண்மையாகவே வந்துவிட்டால்? இந்த வயதில் அதோடு விளையாட முடியாது. இடது பக்கம் இலேசாகப் பிடிக்கிற மாதிரிக்கூட இருக்கிறது, காற்றாக்கும், காலையில் தின்ற உழுந்து வடை. நான் போய்விட்டால் ரின்னை யார் திறப்பார்கள்? ஆரூரன் திறப்பான், நல்ல பிள்ளை, என்ன ஏது என்று தெரியாமல் பழைய தங்கம் வாங்குகிற கடையில் நிறைக்குப் போட்டுவிட்டு வருவான், அவர்கள் உருக்குவார்கள். எப்படியும் உருக்கத்தானா. இந்தப் பயம் எனக்குப் புதிதில்லை, ரின்னை மூடும்போதெல்லாம் வருகிற பயம்தான், ஆனால் நான் உயிரோடு இருந்து பார்த்துக்கொண்டிருக்க வரும் என்று நினைக்கவில்லை.

பக்கத்தில் யோகம் அக்காவிடம் மெதுவாகக் கதைக்கிறாள், மெதுவாக என்று அவள் நினைக்கிறாள், கராஜ் முழுக்கக் கேட்கிறது. "மச்சாள், உங்கட தம்பி கோயிலுக்கு வா எண்டால் காருக்குள்ள இருந்து பேப்பர் வாசிக்கிற ஆள் எண்டுதானே நாங்கள் எல்லாரும் நினைச்சம். இந்தப் பவுணை எப்பிடி வைச்சிருந்தவர் தெரியுமோ? ரின்னுக்குள்ள எத்தினையோ கிடந்தது. இது ஒண்டு மட்டும் ஒருதற்ற கையும் படாமல், துடக்குத் தீட்டு ஒண்டும் அண்டாமல், பிளாஸ்டிக்கில வைச்சு ஒட்டி அடைச்சு. காத்துக்கூடப் போகாது. பிள்ளையின்ர தாலிக்கு எண்டு எத்தினை வருசமா இப்பிடி வைச்சிருந்திருக்கிறார், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பாக்குவெட்டியால நெரிச்செல்லோ எடுத்தனான். எடுக்கேக்க எனக்கு அழுகை வந்திட்டுது." அக்கா என்னைப் பார்த்தாள். இத்தனை வயதில் என் தமக்கை என்னை அப்படி மரியாதையாகப் பார்த்ததை நான் கண்டதில்லை. யோகம் என்னைப் பார்க்கவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே பார்த்தாள், பெருமையாக. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாக்குவெட்டி! பிறகு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. யோகத்துக்குப் பொன்னுருக்கு நடக்கவில்லை. இடம்பெயர்ந்து ஓடுகிற காலத்தில், வவுனியாவில் ஒரு கோயிலில் எங்களுக்குக் கலியாணம், தாலி கொழும்பிலிருந்து யாரோ வாங்கி வந்தது, கடைத் தாலி. அதை அவள் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் வேறு யாருடைய பொன்னுருக்குக்குப் போனாலும் முன் வரிசையில் போய் இருந்துகொண்டு, பொன் உருகி முடிகிற வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, வருகிற வழியெல்லாம் கார் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். நான் வானொலியைப் போடுவேன். தன் பிள்ளைக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக ஆலாய்ப் பறந்தாள், கரிக்குச் சிரட்டை கிடைக்கவில்லை என்று வீடு வீடாகத் தேங்காய்ச் சிரட்டை சேர்த்தாள். அவளைப் பார்த்து, நீர் எடுத்தது பிழையான காசு, அது சாமிக்காக அடைத்து வைத்தது இல்லை, என் பைத்தியத்துக்காக அடைத்து வைத்தது என்று இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது. சொல்ல முடியாது. ஆனால் யோகம், அது நியூ ஓர்லியன்ஸ் காசப்பா.

தட்டு என் முன்னால் நிற்கிறது. ஆரூரன் குனிந்து என் முகத்தைப் பார்க்கிறான். "அப்பா, ஓகேயா?" நெற்றியில் திருநீறு, தாடியை ஒழுங்காக வெட்டியிருக்கிறான், டோனட் சீனி ஒட்டிய அந்த வாய்தான், தாய் மாதிரிப் பரிவாகக் கேட்கிற பிள்ளை. ஓம் என்று தலையாட்டினேன். பத்தர் குகையை, பொன் உருக்குகிற மண் கிண்ணத்தை, சூடாக்கிவிட்டார், காஸ் குழாயின் சுடர் நீலமாகச் சீறுகிறது, கரி சும்மா முறைக்குத்தான். "ஐயா, நேரம் போகுது, தாங்கோ" என்று கையை நீட்டினார். காசை எடுத்தேன். விளிம்பில் பிடித்துத்தான் எடுத்தேன், பழக்கம். கொடுக்கவும் நீட்டிவிட்டேன், அவருடைய உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே என் கை நின்றுவிட்டது. "பொறுங்கோ." அது என் குரல்தான். பத்தர் நிமிர்ந்து பார்த்தார். யோகத்தைப் பார்த்தேன். அவள் முகத்தில் இருந்த பெருமை அப்படியே இருக்க, அதற்குப் பின்னால் ஒரு பயம் மெல்ல எழும்பி வந்தது, எதையோ பிழையாகச் செய்துவிட்டேனோ என்கிற பயம். சமையல் அறையிலும் வைத்தியர் வீட்டிலும் கனடாக்காரர்களின் அலுவலகங்களிலும் இந்த முப்பது வருடமாக நான் பார்த்த அதே முகம், நான் எப்போதும் ஓடிப்போய் ஒன்றுமில்லையப்பா என்று சொல்லி மாற்றுகிற முகம். இன்னும் ஒரு சொல் நான் பிந்தினால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். விளங்கினால் இந்த நாளை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்க்க மாட்டாள், நினைத்தாலும் வெட்கத்தோடுதான் நினைப்பாள். "என்ன மச்சான்?" என்றார் அத்தான். "ஒண்டுமில்லை. ஒருக்கா வடிவாப் பாத்திட்டுக் குடுக்கிறன்." காசைத் திருப்பினேன், அம்புக்குப் பக்கத்தில் அந்த ஓ, சந்தனம் அடைந்து கிடந்தது. பெருவிரலால் துடைத்தேன். பிறகு, யாருக்குப் பயப்பட வேண்டும் இனி, முன்பக்கம் திருப்பி முழு விரலையும் முகத்தில் வைத்து அழுத்தினேன். இறகு இறகாகத் தெரிந்தது. குளிர்ந்த காசு என்று நினைத்திருந்தேன், இத்தனை பேர் தொட்டு வந்ததில் இளஞ்சூடாக இருந்தது. "உருக்குங்கோ" என்று பத்தர் கையில் வைத்தேன்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன், கண் எடுக்காமல். முதலில் ஒன்றும் நடக்கவில்லை, காசிலிருந்த செவ்விந்தியன் நெருப்புக்குள்ளும் அசையாமல் இருந்தான். சந்தனம் கருகி ஒரு புகை போனது. பிறகு காசு சிவந்து வந்தது, சிவப்பில் ஆண்டும் நட்சத்திரமும் முன்னெப்போதையும் விடத் தெளிவாகத் தெரிந்தன, என் விளக்குக்குக் கீழே ஒருநாளும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. அடுத்த கணம் விளிம்பு ஒரு பக்கத்தால் வழிந்தது, பள்ளங்கள் நிரம்பின, முகம் இருந்த இடம் ஒரே மட்டமாகி, ஒரு உருண்டையாகச் சுருண்டு நடுங்கி நின்றது. பெண்கள் குரவை இட்டார்கள். துரைராசா அத்தான் கைதட்டினார், கைதட்டுகிற சடங்கில்லை அது, ஆரூரனின் கூட்டாளிகளும் சேர்ந்து தட்டினார்கள். எனக்கு அது இழப்புத்தான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன், நாளைக்கும் இருக்கும், பஃபலோப் பக்கம் கார் திரும்புகிற போதெல்லாம் இருக்கும். அதற்குள்ளேயே இன்னொரு யோசனையும் ஓடியது, இவள் மேலே போய் ரின்னைத் திறப்பதற்கு முன் அந்தப் பவுணை எடுத்துவிட வேண்டும், காரிலோ, சப்பாத்துப் பெட்டியிலோ, அவள் கண் படாத இடம் இந்த வீட்டில் எது. பத்தர் உருண்டையைத் தண்ணீரில் போட்டு எடுத்து, புது வெற்றிலையில் வைத்து, முதலில் தாய்க்காரியிடம் கொடுத்தார். அதை எல்லோருக்கும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். யோகம் அத்தானிடம் போகவில்லை, அக்காவிடம் போகவில்லை. இரண்டு கையாலும் வெற்றிலையை ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "நீங்கள் முதல் பாருங்கோ" என்றாள். "நீங்கள் காத்து வைச்சது." கனத்த மழைத்துளி ஒன்று வெற்றிலையில் நிற்கிற மாதிரி நின்றது, முகம் இல்லை, ஆண்டு இல்லை, ஊர் இல்லை. அவள் வெற்றிலையை இன்னும் கிட்ட நீட்டினாள், பொன் அங்கும் இங்குமாக உருண்டது. "ஓமப்பா" என்றேன், "இதுக்கெண்டுதான் வைச்சிருந்தனான்." சொல்லும்போது பொய்யாகத்தான் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு, அது பொய்யோ என்று எனக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது. "ஓம் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் யோகம், அக்கா எட்டிப் பார்க்கிறாள் என்று கண்டவுடன், கண்ணூறு படும் என்று முந்தானையால் அதை மூடிக்கொண்டு.